வன்னி நிலமும் வன்னீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவது எமது சங்கத்தின் வழக்கம். இன்றோ அடுப்படியிலிருக்கும் கேத்தலைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். இது நகைப்பிற்குரிய பொருளென்று எவரும் எண்ணல் வேண்டா. எமது மாவட்டங்களிலே குடிநீரைப் பற்றி மெய்யும் பொய்யும் கலந்து உலவுகின்றன. அவற்றைப் பிரித்தறியாமையாற் பணமும் வீணாகின்றது; சில வேளைகளில் உடல்நலமும் கெடுகின்றது. ஆகவே, பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மாணவர் என்ற முறையில், கற்றதைக் கற்பித்த ஊருக்கே ஒப்புவிப்பது எமது கடனென எண்ணினோம்.

வவுனியாவிலாயினும் கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும், கிணற்று நீரைப் பாவிக்கும் வீடொன்றிலே கேத்தலின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியிலே வெண்மையான படையொன்று ஒட்டியிருக்கும். குளிக்கும் அறையிலே ஷவரின் துளைகள் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டியிருக்கும். இதனை எமது ஊரிலே "உப்புப் பிடித்திருக்கிறது" என்பர். உண்மையில் இது உப்பன்று. கறியுப்பாயின் சிறிது நீர் ஊற்றிக் கழுவிய மாத்திரத்தே கரைந்துவிடுமன்றோ? இதுவோ எத்தனை முறை கழுவினும் கரையாது. இது கல். விஞ்ஞானத்திற் கல்சியங் காபனேற்று என வழங்குவது. சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் முட்டைக்கோதும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளே இதுவும்.

கல் எவ்வாறு கேத்தலுக்குள் வந்தது? மழைநீர் வானிலிருந்து விழும்போது கல்சியம் முதலிய கனியங்கள் அதிலே இல்லையென்றே சொல்லலாம். அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைத்துக்கொண்டு, மிக மென்மையானதோர் அமிலமாகின்றது. அவ்வமிலம் பாறையையும் மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லக் கரைத்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. இவ்விரண்டும் மிகுந்த நீரையே வன்னீர் என்கின்றோம். வவுனியாவை உள்ளடக்கிய பழம்பாறைப் பரப்புக்குப் புவிச்சரிதவியலாளர் இட்ட பெயரே 'வன்னித் தொகுதி' என்பது. பூநகரி முதலிய கரையோரப் பகுதிகளிலோ, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே போன்று, மயோசீன் காலச் சுண்ணக்கல் கிடக்கின்றது. நிலத்தின் தன்மை இடத்துக்கிடம் வேறுபட்டாலும், கோடையின் நீண்ட வெயிலிலே நிலத்தடி நீர் குறைந்து செறிவடைவது எங்கும் பொது. ஆதலினாலே ஐப்பசி மாரிக்குப் பின் சற்று இளகி நிற்கும் கிணற்று நீர், ஆவணி வரும்போது வன்மை மிகுந்து நிற்பதைப் பல இடங்களிற் காணலாம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "எங்கள் வீட்டிலே குழாய் நீரன்றோ வருகின்றது, அதிலும் வன்மையுண்டா?" என்பதே அது. குழாய் என்பது வழியே தவிர ஊற்றன்று. இரணைமடு போன்ற குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கும் இடங்களிலே வன்மை பெரும்பாலுங் குறைவாயிருக்கும். குளத்து நீர் மழையோடு உறவுடையது. ஆனால் கிளிநொச்சி நகரின் பெரிய நீர்த்தாங்கி போரின் இறுதிக் கட்டத்திலே வீழ்ந்து, நெடுங்காலம் வீதியோரத்தே சரிந்து கிடந்ததை நாமெல்லோருங் கண்டோம். 2009 ஆம் ஆண்டின் பின் மீண்டு வந்து குடியேறிய மக்கள், கிணற்றையும் குழாய்க்கிணற்றையும் நம்பியே வாழ்வைத் தொடங்கினர். இன்றும் எத்தனையோ வீடுகளில், கிணற்று நீரை மோட்டரால் கூரைமேல் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய்வழி இறக்குகின்றோம். அது குழாயில் வரும் கிணற்று நீரே.

நீரின் வன்மையை ஒரு லீட்டரில் இத்தனை மில்லிகிராம் என்று அளப்பர். அறுபதிற்குட்பட்டது மென்னீர், 180 ஐக் கடந்தது மிக வன்மையான நீர் என்பது பல நாடுகளில் வழங்கும் வகுப்பு. குடிநீருக்கு இலங்கைத் தரக்கட்டளை, அதாவது 2013 இல் திருத்தப்பெற்ற எஸ்.எல்.எஸ். 614, விதித்துள்ள உச்ச எல்லை 250 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமோ வன்மைக்கென உடல்நலம் பற்றிய எல்லையொன்றை விதிக்கவில்லை. ஏறத்தாழ 200 ஐக் கடந்தால் குழாய்களிலும் பாத்திரங்களிலும் படிவு உண்டாகும் என்றே கூறுகின்றது.

வன்மை இருவகைப்படும். கொதிக்க வைத்தால் நீங்குவது தற்காலிக வன்மை. கொதித்தாலும் நீங்காதது நிரந்தர வன்மை. கல்சியம், இருகாபனேற்று வடிவிலே கரைந்திருக்குமாயின், சூடேறும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிவிடும். எஞ்சிய காபனேற்று கரைந்திருக்க வலியற்றுக் கல்லாகப் படியும். சல்பேற்று, குளோரைட்டு ஆகிய வடிவங்களிலே கரைந்துள்ள கல்சியமோ, சாதாரணமாகக் கொதித்தலாற் படிவதில்லை. ஆகவே கேத்தலிலே நாம் காண்பது நீரிலுள்ள பொருள்களில் ஒரு பகுதியை மட்டுமே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டப்படும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். லீட்டருக்கு 300 மில்லிகிராம் தற்காலிக வன்மையுடைய நீரை ஒரு வீட்டிலே நாளொன்றுக்குப் பத்து லீட்டர் கொதிக்க வைக்கின்றனர் என்று கொள்வோம். அந்நீரிலே நாளொன்றுக்கு 3 கிராம் கல் வருகின்றது. ஆண்டொன்றுக்கு 1 கிலோகிராமுக்கு மேல். அதிற் பாதியே பாத்திரத்தில் ஒட்டினாலும், ஆண்டு முடிவிலே அரைக் கிலோ கல் எமது கேத்தல்களிலும் பானைகளிலும் குடியேறிவிடும்.

இக்கல் என்ன செய்கின்றது? அலுமினியத்தோடு ஒப்பிட்டால், இப்படிவு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. விறகடுப்பிலும் காஸ் அடுப்பிலும் வைக்கும் கேத்தலில் மெல்லிய படை பெரும் நட்டத்தை விளைவிக்காது. படை தடிக்கத் தடிக்க நீர் கொதிக்க நேரமெடுக்கும். விறகும் காசும் புகையோடு போகும். மின்கேத்தலிலோ கேடு வேறு வகையானது. மின்சாரம் தந்த வெப்பம் எப்படியும் நீருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஆனால் நடுவிலே கல் தடுத்து நிற்பதால், வெப்பமூட்டும் பகுதி தன் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுகின்றது. பாதுகாப்புக்காக வைத்த ஆளி நீர் கொதிக்குமுன்னரே விழுந்துவிடும். நாளடைவிலே வெப்பமூட்டி எரிந்துபோகும். "இக்காலத்துச் சாமான் ஒன்றும் நிலைப்பதில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்கின்றோம். குற்றம் சில வேளை கிணற்றினுடையது.

நீராவி விடும் மின்னழுத்தியின் நுண்துளைகள் அடைபட்டு, வெள்ளாடையிலே வெண்துகள் உதிர்வதும் இதனாலேயே. சலவை இயந்திரங்களுள், நீரைச் சூடாக்கித் துவைப்பவற்றுக்கே படிவினால் வரும் கேடு மிகுதி. குளிர்ந்த நீரிலே துவைப்பவற்றுக்குக் குறைவு. வன்னியின் வயல்வெளிக்கு வருவோம். இரு சில்லு லான்மாஸ்ரரிலே இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிக்கொண்டேயிருக்கும். நாமும் மேலும் மேலும் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டேயிருப்போம். ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. கல் உள்ளேயே தங்கும். சில போகங்களின் பின் இயந்திரம் காரணமின்றிச் சூடேறுகின்றதென்றால், அக்காரணம் உள்ளே வெள்ளையாக ஒட்டியிருக்கும். மழைநீரையோ தெளிந்த குளத்து நீரையோ வடித்து ஊற்றுவது இயந்திரத்துக்கு ஆயுள் கொடுக்கும். பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரேயன்றி வேறெதுவும் ஆகாது.

சவர்க்காரத்தின் கதையும் இதுவே. சவர்க்காரம் நுரைக்குமுன் நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து திரைந்து அழுக்காய் மிதக்கும். அக்கல்சியம் முழுவதும் தீர்ந்த பின்னரே நுரை வரும். முதற் சவர்க்காரம் கிணற்றுக்கு. இரண்டாஞ் சவர்க்காரமே துணிக்கு. தேநீரின் மேலே எண்ணெய்போல் ஓர் ஆடை படர்வதைக் கண்டிருப்பீர்கள். லண்டன் மாநகரத்து நீரும் சுண்ணப் பாறையிலிருந்து வரும் வன்னீரே. அங்குள்ள இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 1993 இல் இவ்வாடையை ஆராய்ந்து, கல்சியமும் இருகாபனேற்றும் உள்ள நீரிலேயே அது உண்டாகின்றதென்றும், அமிலஞ் சேர்த்தால் உண்டாவதில்லையென்றுங் காட்டினர். பிளேன்ரீயிலே தேசிக்காய்ப் புளி விடும் எமது ஊர்த் தாய்மார் அதனைச் செய்கையிலே முன்னரே கண்டுவைத்திருந்தனர்!

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். கோயிற் குடங்களைப் புளியிட்டு விளக்கும் வழக்கத்திலேயே பரிகாரம் இருக்கின்றது. புளியிலும் தேசிக்காயிலும் வினாகிரியிலும் உள்ள மெல்லிய அமிலங்கள் காபனேற்றுக் கல்லைக் கரைக்கும்; கரையும்போது எழும் குமிழிகள் காபனீரொட்சைட்டு வாயு. மின்கேத்தலிலே படிவு மூழ்குமளவு நீர் விட்டு, நாலைந்து தேசிக்காயின் சாற்றைப் பிழிந்து, இளஞ்சூடாக்கி, மின்தொடர்பை நீக்கி, ஒரு மணிநேரம் விடுங்கள். பின்பு மென்மையான துணியாலே துடைத்து, நன்கு கழுவி, ஒரு முறை வெறும் நீரைக் கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள். இதனை மாதம் ஒருமுறை செய்தாற் கல் தடிக்க இடமிராது. கத்தியாற் சுரண்டல் ஆகாது. மலசலகூடம் கழுவும் கடும் அமிலத்தைக் கேத்தலில் ஊற்றவே கூடாது. அதனை வெளிற்றும் தூளோடு கலப்பது உயிருக்கே உலை வைக்கும் நச்சு வாயுவைத் தரும்.

துணி துவைப்பதற்குச் சலவைச் சோடாவைச் சிறிது முன்னதாகவே நீரிற் கலந்தால் கல்சியம் படிந்துபோய்ச் சவர்க்காரம் மிச்சமாகும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கல் நீரைத் தெளியவைப்பது எம்மவர் அறிந்த அரிய முறை. ஆயினும் அது கலங்கலையே நீக்கும், கரைந்த கல்லை நீக்காது. இவற்றிலும் மேலான வழி மழை. ஐம்பது சதுர மீற்றர் கூரையிலே 1000 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீட்டர் நீர் விழுகின்றது. தேநீருக்கென நாளுக்கு ஐந்து லீட்டர் வேண்டுமாயின், மழையில்லா எட்டு மாதத்துக்கும் 1,200 லீட்டரே போதும். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டு, பின்வருவதை மூடிய தொட்டியிலே சேர்த்து, கொதிக்க வைத்துப் பாவித்தால் கேத்தலிலே கல் கட்டாது.

வேறு நாடுகளிலே இதற்கான முயற்சி நெடுங்காலமாக நடந்து வருகின்றது. ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரைச் சேர்ந்த தோமஸ் கிளாக் என்னும் பேராசிரியர், சுண்ணாம்பைக் கொண்டே சுண்ணாம்பை நீக்கும் முறைக்கு 1841 இல் உரிமம் பெற்றார். பின்னர், கல்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடும் மணிகளைக் கொண்ட மென்மையாக்கிகள் வந்தன; இவை இயந்திரங்களுக்கு நன்று, ஆயினும் உப்புக் குறைக்க வேண்டிய நோயாளருக்கு அந்நீர் ஏற்றதன்று. இப்போது வவுனியாப் பகுதிக் கிராமங்களிலே ஆர்.ஓ. நிலையங்கள் அமைந்துள்ளன. அவை நீரை மிக நுண்ணிய சவ்வினூடே அழுத்திச் செலுத்தி, கரைந்த பொருள்களிற் பெரும்பங்கை நீக்குகின்றன. அச்சவ்விலும் கல் படியும். பராமரிப்பு இல்லையேல் அதுவும் பயனற்றுப் போகும்.

பெரியோர்களே, இதுவரை கேத்தலின் நலம் பேசினோம். இனி மனிதர் நலம். இங்கேதான் இரண்டு தவறான எண்ணங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, "கேத்தலிலே கல் படிவதுபோல் சிறுநீரகத்திலும் கல் படியும்" என்பது. கேட்பதற்குப் பொருத்தமாயிருக்கின்றது, உண்மை அதுவன்று. கேத்தலின் கல் கொதித்தலாற் பிறந்த காபனேற்று. கல்லடைப்பு நோயிலே காணும் கற்களிற் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று என்னும் வேறு பொருள். அந்நோய்க்குப் பெருந்துணை செய்வது, வெயிலிலே வியர்வை சிந்தி உழைப்பவர் போதிய நீர் அருந்தாமையே. "தண்ணி கூடாது" என்று அஞ்சி வயலிலே தாகத்தை அடக்குபவர், எதற்கு அஞ்சினாரோ அதனையே தம்மிடம் அழைக்கின்றார்.

இரண்டாவது எண்ணம் இதனிலும் ஆபத்தானது. "எங்கள் கேத்தல் வெள்ளை பிடிப்பதில்லை, ஆகவே எங்கள் கிணறு நல்ல கிணறு. அதற்கு மேலும் நாங்கள் கொதிக்க வைத்தே குடிக்கின்றோம்" என்பது. முன்பு சொன்னதை நினைவுகூருங்கள்: கேத்தல் காட்டுவது நீரிலுள்ளவற்றில் ஒரு பகுதியை மட்டுமே. எமது பாறைகளிலே புளோரைட்டு என்னும் பொருளுமுண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கிணற்று நீரிலே காணும் அளவிலே நாவுக்குந் தெரியாது, கேத்தலிலே அடையாளமும் வைப்பதில்லை. கொதித்தல் கிருமியைக் கொல்லும், புளோரைட்டை நீக்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அது செறிவடையவே செய்யும். இலங்கைத் தரக்கட்டளை அதற்கு விதித்த எல்லை லீட்டருக்கு 1 மில்லிகிராம். அதனைக் கடந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களிலே வெண்புள்ளியும் கபிலக் கறையும் தோன்றுகின்றன. பல் முரசுக்குள்ளே உருவாகும் இளம் பருவத்திலேயே அக்கேடு நிகழ்ந்துவிடுகின்றது. பல் முளைத்துக் கறையைக் கண்ட பின் கிணற்றை மாற்றினால், அப்பல்லுக்குப் பயனில்லை.

சிறுநீரக நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 களிலே எமது அயலாகிய மதவாச்சி, பதவியாப் பகுதிகளிலே முதலிற் கவனிக்கப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு ஒரே காரணத்தை இன்னும் அறுதியிட்டுக் கூறவில்லை. புளோரைட்டும் வன்மையும் ஒருங்கே மிகுந்த நீர், கடும் வெப்பத்தில் உழைப்பு, பீடைநாசினிகள் முதலியன ஐயத்துக்குரியவையாக ஆராயப்பட்டு வருகின்றன. ஆகையால் வன்னீர் என்ற ஒன்றையே குற்றவாளியாக்குவதும் சரியன்று. அதனை முற்றாக விடுவிப்பதும் சரியன்று. செய்யத்தக்கது ஒன்றே: எமது கிணற்றிலே என்ன இருக்கின்றது என்று அளந்து அறிதல்.

"எங்கள் பாட்டனும் பூட்டனும் குடித்த தண்ணீர்தானே?" என்று பெரியோர் கேட்பதும் நியாயமே. ஆனால் அவர்கள் குடித்தது குளத்துநீர். குளத்தடியிலே தோண்டிய பூவலின் நீர். மாரியோடு நிரம்பும் ஆழமற்ற கிணற்று நீர். இன்று நாம் பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து எடுக்கும் நீரோ, பாறையோடு நெடுங்காலம் உறவாடிக் கிடந்த நீர். ஊர் ஒன்றே; நீர் வேறு. முன்னோரின் வழக்கம் பிழையன்று; அவ்வழக்கத்துக்குரிய நீரைத்தான் நாம் மாற்றிவிட்டோம்.

ஆதலின் எமது சங்கத்து இளைஞர் முன் ஒரு வேலையை வைக்கின்றோம். ஒவ்வொரு கிராமத்திலும் குடிநீர் எடுக்கும் கிணறுகளையும் குழாய்க்கிணறுகளையும் ஒரு கொப்பியிலே பதிவோம்: ஆழம், எத்தனை குடும்பம் பாவிக்கின்றது, எத்தனை சிறுவர் உள்ளனர் என்பன. ஒரேயளவு போத்தல்கள் இரண்டில் மழைநீரையும் கிணற்று நீரையும் எடுத்து, ஒரேயளவு சவர்க்காரமிட்டுக் குலுக்கி நுரையை ஒப்பிட்டால், வன்மையின் முதற் குறிப்பை வீட்டிலேயே பெறலாம். வன்மையின் சரியான அளவுக்கும் புளோரைட்டுக்கும் ஆய்வுகூடம் வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையை நாடுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலைக் கேட்போம். வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் எமது வாசலிலேயே இருக்கின்றன. அங்கு பயில்வோர் எமது அண்ணன்மாரும் அக்காமாருமே. மாரிக்குப் பின் ஒருமுறை, கோடையின் முடிவில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை அளந்து, முடிவைச் சங்கத்தின் அறிவித்தற் பலகையிலே எல்லோருங் காண எழுதுவோம்.

முடிவு வந்தபின் வழி தெளிவாகும். வன்மை மட்டும் மிகுந்த கிணறாயின், தேசிக்காயும் மாதத்தில் ஒரு மணிநேரமும் போதும். அஞ்சாது நிறையக் குடிக்கலாம். புளோரைட்டு மிகுந்ததாயின், அந்நீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகட்டும். குடிக்கவும் சமைக்கவும் மழைநீரோ குளத்துக் குழாய்நீரோ ஆர்.ஓ. நீரோ தேடுவோம். முதற் பங்கு சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்குமாகட்டும்.

சபையோரே, கோயில் வீதியிலே தண்ணீர்ப்பந்தர் வைப்பதை நாம் பெரும் புண்ணியமாகப் போற்றுகின்றோம். பந்தரிலே வார்க்கும் நீர் எத்தகையதென்று அறிந்து வார்ப்பதும் அப்புண்ணியத்தின் ஒரு பகுதியே. வருகின்ற மாரி முடிந்ததும் முதற் போத்தல்களை நிரப்பத் தொடங்குவோம். பெயர் தர விரும்பும் இளைஞர் இன்றே செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம்.